ஓரமாக வைத்த அப்பளம்

மனிதன் மனிதனைக் கொல்லத் துணிவது ஏன் என்ற ஆதிக் கேள்விக்கு மனிதகுலம் அன்று காலை பதில் காண்பதாக இருந்தது. பருப்பு வடைக்கு எண்ணெய் காயத் தாமதமானதால் பதில் மதியத்துக்குத் தள்ளிப்போயிற்று.

இடம், செவ்வாய்க் கிரகத்தில் நெல்லைச் சீமைக்காரர்கள் கண்ணாடிக் கூரை போட்டுக் குடியேறிய செங்குளம். குளம் கிடையாது. ஊர்ப்பேர் என்று ஒன்று இருந்தால் அதில் குளம் இருக்க வேண்டும் என்று முதலில் வந்து இறங்கியவர்கள் பிடிவாதமாக வைத்துவிட்டார்கள்.

மன்றத்தின் முன்வரிசையில், நட்டநடு நாற்காலியில், டாக்டர் கோமதிநாயகம் அமர்ந்திருந்தார். மூளை மருத்துவர். ஆணிவேர்ப் பொறியைக் கண்டுபிடித்தவர். அதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கும் வழக்கம் செங்குளத்தில் உண்டா என்று ஜாடையாக விசாரித்து வைத்திருந்தவர். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கண்ணாடி பார்த்து முன்மண்டைச் சிகையை ஒருமுறை வாரிவிட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அடர்த்தியாக இருந்தது. கண்ணாடியில் தெரிவது அது மட்டும்தான்.

மேடையில் பொறி இருந்தது. முடிதிருத்தும் கடையில் தலை உலர்த்தக் கவிழ்க்கிற குண்டான் மாதிரி ஒன்று. அதற்கு அடியில் கைவிலங்கோடு விடிமுத்து என்ற இளைஞன் உட்கார்ந்திருந்தான். ஊருக்கெல்லாம் மூச்சுக்காற்று தயாரிக்கிற மூச்சாலையில் குண்டு வைத்தவன். குண்டு வெடிக்கவில்லை. பூமியின் மேலிருந்த பக்தியின் காரணமாக அதில் பூமி நேரத்தை வைத்துவிட்டான். செவ்வாயின் நாள் சற்று நீளம், இரண்டு கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று பார்க்கத் திரும்பிப் போனவனைக் காவலர்கள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

"டாக்டரே, ஜனங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லும்," என்றார் ஊர்த்தலைவர் வடிவுடையான். "இந்தப் பெட்டி என்ன செய்யும்?"

கோமதிநாயகம் எழுந்தார். "கோவத்துக்கும் வேர் உண்டு தலைவரே. ஒருத்தன் குண்டு வைக்கான்னா, அது நேத்து முளைச்ச கோவம் இல்ல. ஒண்ணு மேல ஒண்ணா மூளையில அடுக்கி வெச்சிருப்பான். பொறி மேலேருந்து ஒவ்வொண்ணா உரிச்சிட்டே போவும். எது உரிய மாட்டேன்னு நிக்கோ, அதுதான் ஆணிவேர். அவன் கண்ணு பார்த்தத அப்படியே திரையில காட்டும்."

"வெங்காயம் மாதிரின்னு சொல்லும்."

"வெங்காயத்துல கடைசியில ஒண்ணும் இருக்காதே."

"இதுல இருக்கும்லா? செலவு பண்ணியிருக்கோம் வே."

மேடையின் இரு ஓரங்களிலும் இரண்டு அடிகளார்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீற்றிருந்தார்கள். செவ்வாயிலிருந்து பார்த்தால் பூமி ஒரு நீல நட்சத்திரம். சில காலம் விடியலில் தெரியும், சில காலம் அந்தியில் தெரியும். விடியலில் கும்பிட்டவர்கள் விடிநீலர் ஆனார்கள். அந்தியில் கும்பிட்டவர்கள் அந்திநீலர் ஆனார்கள். தன் நட்சத்திரமே பெற்ற தாய், மற்றது வேஷக்காரி என்பது இரு தரப்புக்கும் வேதம். இரண்டும் ஒரே கோள்தான் என்று பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதுபற்றி ஒருமுறை கேட்டதற்கு, "விஞ்ஞானத்துக்கு ஒரு தாயி போதும். பக்திக்குப் பத்தாது," என்று விடியடிகள் சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அந்தியடிகளுக்கும் உடன்பாடு.

வடிவுடையான் சட்டத்தை எடுத்துச் சொன்னார். "மதம்தான் வேருன்னு வந்தா, இவன் ஆளுக இருக்க விடித்தெருவையே காலி பண்ணி எல்லாரையும் பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிருவோம். மதம் இல்ல, பய பிறவியிலயே கெட்டவன்னு வந்தா, இவன மட்டும் வெளிக்கதவு வழியா அனுப்பிருவோம்."

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம் காற்று கிடையாது. அனுப்புவது என்பது மரியாதைக்குச் சொல்வது.

கோமதிநாயகத்தின் உதவி மருத்துவர் பிலோமினாள் பொறியின் பக்கத்திலிருந்து கேட்டாள்: "ரெண்டும் இல்லாம சொந்தப் பகைன்னு வந்தா?"

"அதுக்கும் சட்டம் இருக்கும்மா. எதிராளி வந்து 'நான்தான்'னு ஒத்துக்கிடணும். ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்புட்டு எந்திரிக்கணும். அப்பம் சாதாரணக் கேசு, கொஞ்ச வருஷம் வேலை பாத்துட்டு வந்துருவான். எதிராளி வரலைன்னா அந்தப் பேச்சே கிடையாது. ஆனா இவ்வளவு பெரிய குண்டு சொந்தப் பகையிலயா வரும்? இதுல தத்துவம்லா இருக்கு!"

விடியடிகள் செருமினார். "எங்க மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அன்பைத்தான் போதிக்கோம். வேணும்னா அந்திநீலர் மதத்த உரிச்சுப் பாருங்க."

"எங்க மதமும் அன்புதான்," என்றார் அந்தியடிகள். "உங்க அளவுக்குச் சத்தம் போடாத அன்பு."

பொறி ஓடத் தொடங்கியது.

முதலில் உரிந்தது முழக்கங்கள். அம்மாவின் மானம், வேஷக்காரியின் சதி. திரையில் விடியடிகள் ஒரு கூட்டத்தில் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். "அது அன்பைப் பத்தின கூட்டம்," என்று மேடையிலிருந்தவர் அவசரமாகச் சொன்னார். அதுவும் உரிந்தது. அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல். தாடிக்காரன் ஒருவன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறான், விடிமுத்துவின் கைகள் அதில் கழுவிக்கொள்கின்றன. "எந்திரிக்கச் சொன்னவன் எவம்ல? அந்திநீலனாத்தான் இருப்பான். அம்மாவ மதிக்காதவன் உன்ன எப்படி மதிப்பான்?" என்கிறான் தாடிக்காரன். அதுவும் உரிந்தது.

அப்புறம் வந்தது உரியவில்லை.

பந்தி. வாழையிலை. செவ்வாயில் எடை குறைவென்பதால் சாம்பார் அவசரப்படாமல் இறங்கி வந்து சோற்றில் உட்கார்கிறது. இலையின் வலது ஓரத்தில், எதுவும் மேலே படாமல் தனியாக ஓர் அப்பளம். மன்றத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. உளுந்து செங்குளத்தில் விளையாது. அப்பளம் பூமியிலிருந்து கப்பலில் வரவேண்டும். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆளுக்கு ஒன்று.

விடிமுத்துவின் கை முதல் கவளத்தைப் பிசைந்து உருட்டியது. அதே நேரத்தில் தோளில் ஒரு மோதிரக்கை விழுந்தது. "தம்பி, எந்திரி. பெரிய ஆளு வந்திருக்காவ. அடுத்த பந்தியில உக்காந்துக்கோ."

வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி இலைக்குத் திரும்பின. காட்சி ஆடியது. நடந்து போகிறான். வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறான். அவன் இலையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முகம் தெரியவில்லை. பின்மண்டை தெரிகிறது. நல்ல வழுக்கை. தேங்காய்ச் சில்லு போன்ற வடிவம், இடப்பக்கம் ஒரு மச்சம். அவர் கை வலது ஓரத்துக்கு நீள்கிறது. அப்பளத்தை எடுக்கிறது.

திரை அங்கேயே நின்றது. மேற்கொண்டு போக மறுத்தது.

மன்றம் அமைதியானது. அந்த அமைதியைக் கோமதிநாயகம் தன் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களோ, திரையில் இருந்த தேங்காய்ச் சில்லையும் முன்வரிசை நடு நாற்காலியில் இருந்த தேங்காய்ச் சில்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சம் உட்பட. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் ஏதோ ஒரு நாள் அவரிடம் வைத்தியத்துக்குப் போக வேண்டிவரலாம்.

"ஏல," என்றார் வடிவுடையான், நம்பமுடியாமல். "அப்பளத்துக்கா குண்டு வெச்ச?"

குண்டானுக்கு அடியிலிருந்து விடிமுத்து பேசினான். "எலையிலருந்து எழுப்பிட்டாவன்னு குண்டு வெச்சேன்னு சொன்னா ஊரே சிரிக்கும் ஐயா. அம்மா மானத்துக்குன்னு சொன்னா மாலை போடுதாவ. எங்கிட்ட இருந்தது சின்னக் கோவம். தூக்கிட்டு நடக்க வெக்கமா இருந்துச்சு. அவிய ஒரு பெரிய சாக்கு குடுத்தாவ. அதுல போட்டுக்கிட்டேன்."

இரண்டு அடிகளார்களும் வாழ்நாளில் முதன்முறையாக ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மதம் நிரபராதி என்று இருவரும் அறிவித்தார்கள். இலையில் உட்கார்ந்த வழுக்கையர் அந்திநீலர் என்று விடியடிகளும், விடிநீலர் என்று அந்தியடிகளும் சேர்த்து அறிவித்தார்கள். அந்த மோதிரக்கை தலைவருடைய மச்சினன் கைபோல இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, மோதிரம் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது, வழுக்கை அப்படியல்ல என்று வடிவுடையான் விளக்கினார். அந்த எதிராளியைக் கண்டுபிடிக்கும்வரை வழக்கு நிற்கும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வெளிக்கதவு.

டாக்டரின் அறைக்குத் திரும்பியதும் பிலோமினாள் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வந்தாள்.

"எதுக்கும்மா?"

"ஒண்ண முன்னால பிடிங்க. இன்னொண்ண நான் பின்னால பிடிக்கேன்."

கோமதிநாயகம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதலில் கண்ணாடியில் கோளாறு என்று நினைத்தார்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே இருந்துச்சு சார்."

"நீ ஏன் சொல்லல?"

"வழுக்கைன்னு ஒருத்தர்கிட்ட எப்படி சார் போய்ச் சொல்லுதது? நீங்க தெனம் சீப்பெடுத்து முன்னால வாரிட்டு இருக்கீய."

அவர் உட்கார்ந்துவிட்டார். "நான் எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கேன். கூப்பிட்டு எலையில உக்கார வைப்பாவ. உக்காருவேன். அதுக்கு முன்னால அதுல யாரு இருந்தான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா போயி 'நான்தான்'னு சொன்னா பய பொழைச்சுக்குவான்."

"சொன்னா என் பொறி? உலகத்துப் பயங்கரவாதத்துக்கெல்லாம் ஆணிவேரைத் தோண்டி, கடைசியில வந்து நிக்கது என் மண்டையிலயா? சிரிக்க மாட்டாவளா?"

"அவனும் அதேதான் சொன்னான்," என்றாள் பிலோமினாள். "சிரிப்பாவன்னு."

மறுநாள் கோமதிநாயகம் தொப்பியோடு வந்தார். குளிர் என்றார். செங்குளத்துக் கண்ணாடிக் கூரைக்குள் குளிரும் கிடையாது, வெயிலும் கிடையாது.

ஊரில் வழுக்கை வேட்டை தொடங்கியது. காவலர்கள் வீடுவீடாகப் போய், "ஐயா, கொஞ்சம் திரும்புங்க," என்றார்கள். விடித்தெருவில் அப்பளப் படை என்று ஒரு வாலிபர் அமைப்பு உதயமாகி, அம்மா அனுப்பிய அப்பளத்தைத் தின்ற துரோகியைத் தேடிக் கம்போடு அலைந்தது. விடியடிகள் மடத்தில் அப்பளத்தைப் படமாக வரைந்து மாட்டியிருந்தார்கள். அதற்கு ஊதுவத்தியும் ஏற்றியாயிற்று. அந்தித்தெருக்காரர்கள் போட்டிக்கு வழுக்கையர் பாதுகாப்புப் பேரவையைத் தொடங்கினார்கள். அதற்கு நல்ல முடியுள்ள ஒருவர் தலைவரானார். பொறியின் திரைக்காட்சியோடு ஒவ்வொரு பின்மண்டையையும் ஒப்பிட்டு, இது அல்ல என்று சான்றளிக்கும் பொறுப்பு, துறை நிபுணர் என்ற முறையில் கோமதிநாயகத்திடம் கொடுக்கப்பட்டது.

மிகுந்த நேர்மையோடு ஒப்பிட்டார். எவரையும் தவறாக மாட்டிவிடவில்லை. இதுபற்றி அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

கடைசியில் இழுத்துவரப்பட்டவர் ஞானதிரவியம். பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். பிள்ளைகளுக்குச் சுதி சொல்லிக்கொண்டிருந்தவரை வகுப்பிலிருந்து நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து, அப்பளப் படை சுற்றி நிற்க, குனியச் சொன்னார்கள்.

"நான் அப்பளமே சாப்பிடுததில்ல தம்பி. பித்தம்," என்றார் வாத்தியார்.

"குனியும் வே!"

குனிந்தார். அவருடைய மாணவர்கள் சன்னலில் நின்று பார்த்தார்கள். கோமதிநாயகம் அளவுகோலோடு நெருங்கி, மச்சம் இல்லை, இவர் அல்ல என்றார். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சரிபார்த்துத்தானே விட்டார்கள்! ஞானதிரவியம் மெல்ல நிமிர்ந்து, சன்னலைப் பார்த்து, கலைந்துபோகிறவர்களைப் பார்த்து, மேல்துண்டால் மண்டையைத் துடைத்துக்கொண்டார். கண் ஒவ்வொரு முகமாக நின்று நின்று நகர்ந்தது, ஆள் குறித்துக்கொள்வதுபோல.

அன்று சாயங்காலம் பிலோமினாள் வாத்தியாரைப் பொறிக்கு அடியில் உட்கார வைத்தாள். தலைவலி என்று அவர்தான் வந்திருந்தார். திரையில் ஒரே ஒரு அடுக்குத்தான் இருந்தது. உரியவில்லை. நடுத்தெரு, சன்னலில் பிள்ளைகள், பக்கத்தில் அளவுகோலோடு ஒரு தொப்பிக்காரர்.

"புதுசு சார்," என்றாள் டாக்டரிடம். "இன்னும் மண்ணுகூடக் காயல. எந்தத் தாடிக்காரனும் வந்து தண்ணி ஊத்துததுக்கு முன்னாலேயே பாத்துட்டோம்."

கோமதிநாயகம் தொப்பியைக் கழற்றினார். மனசாட்சியா, வியர்வையா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

"எத்தனை தலை பாக்கி?"

"ஊர்ல எல்லாத் தலையும் முடிஞ்சுது சார். ஒண்ணுதான் பாக்கி."

டாக்டர் போய்ச் சொன்னதை வடிவுடையானுக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. "நீரா? வே, நமக்கு மதம் வேணும், இல்லன்னா பிறவிக் குணம் வேணும். டாக்டர வெச்சு நான் என்ன செய்ய? பூமியிலேருந்து அறிக்கை கேக்கான். பயங்கரவாதத்தோட மூலகாரணம் எங்க மூளை டாக்டர்னு எழுதவா?"

"மூலகாரணம் நான் இல்ல தலைவரே. உங்க மச்சினன் கையி."

"அது நிரூபணம் ஆகல."

"அப்பம் என் தலைய மட்டும் எழுதிக்கோங்க."

சிறைச்சாலையில் பந்தி போட்டார்கள். இரண்டே இலை. காவலர் பரிமாற, பிலோமினாளும் தலைவரும் சாட்சி. அடிகளார்கள் இருவரும் வரவில்லை. மதத்துக்குச் சம்பந்தமில்லாத நிகழ்ச்சி என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். வெளியே அப்பளப் படையும் பேரவையும் எதிரெதிரே நின்று முழங்கிக்கொண்டிருந்தன. ஊதுவத்தி வாசனை உள்ளேவரை வந்தது.

கோமதிநாயகம் தொண்டையைச் சரிசெய்து, "நான்தான்," என்றார்.

விடிமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தான். "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க சார்."

திரும்பினார்.

"ஆமா. இவுகதான்," என்றான் விடிமுத்து. கன்னத்தில் கண்ணீர் மெதுவாக இறங்கியது. செவ்வாயில் அதுவும் அவசரப்படாது.

உட்கார்ந்தார்கள். சோறு, சாம்பார், ஒரு கூட்டு. அப்பளம் வைக்கவில்லை. கப்பல் இன்னும் வரவில்லை. விடிமுத்து முதல் கவளத்தை உருட்டி, பழக்கத்தில் தோளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வாயில் போட்டான். யாரும் எழுப்பவில்லை. அவன் உயிர் திரும்பக் கிடைத்த நிமிஷம் அதுதான். வடிவுடையான் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா?" என்றான் விடிமுத்து.

"கேளு."

"எந்திரிச்சதுகூடப் பரவால்ல சார். கடைசியா சாப்பிடுவோம்னு அத ஓரமா வெச்சிருந்தேன். எங்க அம்மை ஒரே ஒரு தடவை தின்னுருக்கா. அந்த மொறுமொறுப்பு சாவுத வரைக்கும் மறக்காதுன்னு சொல்லுவா. நான் தின்னதே இல்ல. அது எப்படி சார் இருந்துச்சு?"

பிலோமினாள் தலைகுனிந்துகொண்டாள். காவலர் கரண்டியோடு நின்றார்.

கோமதிநாயகத்துக்கு அந்தக் கல்யாணம் யாருடையது என்று ஞாபகமில்லை. மாப்பிள்ளை முகம் ஞாபகமில்லை. பக்கத்து இலையில் யார் என்பதும் ஞாபகமில்லை. அப்பளம் ஞாபகம் இருந்தது.

அது நமத்துப்போயிருந்தது. அன்று ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை இலையோடு வைத்து மூடியிருந்தார்.